எதிரே உட்கார்ந்திருந்தவர்

பெரியப்பா ஒயிட் ஸ்லாம் அடித்த இரவில் எனக்குப் பதினொரு வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு அரிசி மண்டிக்கு மேலே மாடி அறை, அதில் நான்கு கேரம் போர்டு. ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தகரக் குடை மாட்டிய பல்பு ஒன்று தொங்கும். துறைமுகத்தில் வேலை முடித்து வருகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள் என்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் அறை நிரம்பிவிடும். வீட்டுக்குத் திரும்பினால், சட்டையில் ஒட்டியிருக்கும் பவுடரைப் பார்த்தே அம்மா எங்கே போய் வந்தேன் என்று கண்டுபிடித்துவிடுவார்.

கேரம் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் ஒரு ரெட். உடைக்கிறவருக்கு வெள்ளை. காய் விழுந்துகொண்டே இருக்கும்வரை ஸ்டிரைக்கர் அவர் கையைவிட்டுப் போகாது. முதல் அடியிலிருந்தே தவறாமல் ஆடி ஒன்பது வெள்ளையையும் போட்டு, நடுவே ரெட்டையும் போட்டு அதற்கு ஃபாலோவாக அடுத்தே ஒரு வெள்ளையும் போட்டுவிட்டால் அது ஒயிட் ஸ்லாம். எதிராளிக்கு ஒரு அடிகூடக் கிடைக்காது. பாயின்ட் என்று பார்த்தால் போர்டில் மிச்சமிருக்கும் ஒன்பது கறுப்புக்கு ஒன்பது, ரெட்டுக்கு மூன்று, மொத்தம் பன்னிரண்டு. ஒரே மூச்சில் முடித்தார் என்பதற்காக ஒரு பாயின்ட்கூட அதிகம் கிடையாது. சிலேட்டில் "12" என்று மட்டும்தான் எழுதினார்கள்.

ஆறாவது காய் விழுந்ததும் மற்ற மூன்று போர்டிலும் ஆட்டம் நின்றுபோனது. என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் "ஒயிட் ஸ்லாம்" என்ற வார்த்தையை ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஸ்டூலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, போர்டைத் தாங்கிய டிரம்மில் முட்டி படாதபடி காலை மடக்கிக்கொண்டார். ஒன்பதாவது காய் விழுகிற வரைக்கும் அவர் அப்படியேதான் இருந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் என் சொந்த அண்ணன் மகன். கேரம் கற்றுக்கொள்கிறான், கிரிக்கெட் பார்க்கிறான், செல்போனில் உலகத்தில் உள்ள எல்லா விளையாட்டையும் பார்க்கிறான். போன மாதம் கேட்டான்: "சித்தப்பா, கும்ப்ளேவோட பத்து விக்கெட்டு, ஸ்னூக்கர்ல 147, பேஸ்பால்ல பெர்ஃபெக்ட் கேம், ஒயிட் ஸ்லாம். இதுல எது பெருசு?"

முதலில் எண்ணிக்கையை வைத்துத்தான் பதில் சொல்லப் பார்த்தேன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 2,500-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தவர்கள் மூன்று பேர்தான்: ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளே, அஜாஸ் படேல். அமெரிக்காவின் பெரிய லீக் பேஸ்பாலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில், 1880-இல் தொடங்கி 2023 வரை, எதிரணியில் ஒருவரையும் முதல் பேஸைத் தொட விடாத பெர்ஃபெக்ட் கேம் 24. ஸ்னூக்கரில் வழக்கமாக ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி 147. அதிகாரப்பூர்வமான 147-கள் இருநூறைத் தாண்டிவிட்டன. எத்தனை தடவை நடந்தது என்று மட்டும் பார்த்தால் கும்ப்ளே முதலிடம், 147 கடைசி. பையன் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஸ்னூக்கர் மேஜையில் பதினைந்து சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு கறுப்பு, கடைசியில் ஆறு வண்ணப் பந்துகள் என முப்பத்தாறு பந்துகளை வரிசையாகக் குழியில் தள்ளிப் பார்த்தால்தான் அந்த இருநூறு எவ்வளவு சின்ன எண் என்று தெரியும். எத்தனை தடவை நடந்தது என்ற எண், ஒரு ஆட்டத்தை எத்தனை பேர் எத்தனை காலமாக ஆடுகிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. கோல்ஃபில் ஒரே அடியில் பந்து குழிக்குள் போவதை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். கைத்திறன் இருக்கிறதுதான், ஆனால் காற்றும் புல்லும் சேர்ந்து கொடுக்கிற வரம் அது.

யோசிக்க யோசிக்க இந்தச் சாதனைகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. ஒன்று, எதிராளி எதுவுமே செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிற வகை. கேரம், ஸ்னூக்கர், ஈட்டி மாதிரி சின்ன அம்பை எறியும் டார்ட்ஸ் எல்லாம் அப்படி. மற்றது, எதிராளி கடைசிவரை முட்டி மோதுகிற வகை. பத்து விக்கெட், பெர்ஃபெக்ட் கேம், டென்னிஸில் 24 புள்ளிகளையும் விடாமல் எடுக்கிற கோல்டன் செட். 2012 விம்பிள்டனில் யாரோஸ்லாவா ஷ்வேடோவா அப்படி ஒரு செட் ஆடினார். எதிரே இருந்தவர் லேசுப்பட்டவர் இல்லை, சாரா எர்ரானி. அதே வருடம் பிரெஞ்சு ஓப்பன் இறுதிப் போட்டிவரை வந்தவர். அவருக்கு ஒரு செட்டில் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது வகையில் எனக்கு மிகவும் நெருக்கமானது 1999-இல் நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா என்னைச் சேப்பாக்கத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கு. 82-க்கு 5 விக்கெட் போன பிறகு சச்சின் முதுகுவலியோடு 136 வரை இழுத்து வந்தார். 254-இல் அவர் போனார், 258-இல் எல்லாம் முடிந்தது. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. நான் அழுதுகொண்டிருந்தேன். பெரியப்பா எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லோரும் தட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள், சேப்பாக்கம் மொத்தமும் நின்று கை தட்டியது. "எந்திரிடா, எந்திரிச்சு தட்டு" என்று பெரியப்பா என் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 7, டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லா. அந்த மாடி அறையில் ஒரு போர்டை நகர்த்திவிட்டு டிவி வைத்திருந்தார்கள். இலக்கு 420. பாகிஸ்தான் விக்கெட் இழக்காமல் 101. போன வாரத் தோல்வி எல்லோர் முகத்திலும் இன்னும் இருந்தது. அப்புறம்தான் கும்ப்ளே. அஃப்ரிடி கீப்பரிடம் கேட்ச், அடுத்த பந்தே இஜாஸ் எல்பிடபிள்யூ. அதற்குமேல் நிற்கவே இல்லை. ஒன்பது விக்கெட் விழுந்தபோதும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த அறை, அடுத்த ஓவரில் அமைதியானது. பந்து ஸ்ரீநாத் கையில். அவர் விக்கெட் எடுத்துவிட்டால் பத்து போச்சு.

ஸ்ரீநாத் ஸ்டம்பை விட்டுத் தள்ளித் தள்ளிப் போட்டார். நடுவர் வைடு காட்டினார். வாழ்நாள் முழுக்க ஸ்டம்பைத் தகர்க்கக் கற்றுக்கொண்ட வேகப்பந்து வீச்சாளர் ஒருவர், தன் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஒரு ஓவர் முழுதும் விக்கெட் விழாதபடி வீசினார். பிறகு கும்ப்ளே வந்தார். வாசிம் அக்ரம், ஷார்ட் லெக்கில் லக்ஷ்மண், கேட்ச். 26.3 ஓவரில் 74 ரன்னுக்கு 10 விக்கெட். அறை வெடித்தது. பெரியப்பா மட்டும் எல்லாம் அடங்கிய பிறகு சொன்னார்: "அந்த ஓவர் போட்டான் பாரு ஸ்ரீநாத்து, அது எல்லாராலயும் முடியாதுடா."

லேக்கர் கதையை அந்த வயதில் எனக்குச் சொன்னதும் அவர்தான். 1956 ஜூலை, மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டு. முதல் இன்னிங்ஸில் 37-க்கு 9, இரண்டாவதில் 53-க்கு 10. ஒரே டெஸ்டில் 90 ரன்னுக்கு 19. எல்லோரும் அந்தப் பத்தொன்பதைத்தான் பேசுவார்கள். நான் மிச்சமிருக்கும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்தவர் டோனி லாக். அவரும் சுழற்பந்து வீச்சாளர், அதே ஆடுகளம், அதே ஆஸ்திரேலியர்கள். ஆட்டம் முழுக்க 69 ஓவர் வீசினார். லேக்கர் வீசியதைவிட ஒரு ஓவர் அதிகம்! முதல் இன்னிங்ஸில் ஜிம் பர்க் என்ற ஒரே விக்கெட். இரண்டாவதில் 55 ஓவருக்கு எதுவும் இல்லை. விக்கெட் விழ விழ லாக்குக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஸ்ரீநாத் மாதிரி தள்ளிப் போடவில்லை. முழு மூச்சாக முயன்றுகொண்டே இருந்தார். ஒரு முனையில் லாக் அப்படி அழுத்திப் பிடித்ததால்தான் மறுமுனையில் லேக்கருக்கு அத்தனையும் விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

அதே 1956, அக்டோபர் 8. நியூயார்க்கில், பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். டான் லார்சன் என்ற பந்து வீச்சாளர் எதிரணியின் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. உலகத் தொடரில் இன்றுவரை அது ஒன்றே ஒன்றுதான். ஆட்டம் போகப் போகச் சக வீரர்கள் லார்சனிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்களாம். பேஸ்பால்காரர்களுக்கும் அதே நம்பிக்கைதான், நடந்துகொண்டிருப்பதை வாயால் சொல்லக்கூடாது. அதைப் படித்தபோது, அரிசி மண்டிக்கு மேலே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது கண்முன் வந்தது.

ஆனால் பேஸ்பாலில் என்னை விடாமல் பிடித்திருக்கிற ஆட்டம், கணக்கில் சேராத ஒன்று. 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலாராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். 27-ஆவது ஆள் பந்தைத் தரையில் தட்டிவிட்டு ஓடினார். பந்து அவருக்கு முன்னால் முதல் பேஸுக்கு வந்துவிட்டது, பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்து நாட் அவுட் என்றார். கலாராகா கத்தவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, திரும்பிப் போய் அடுத்த ஆளை அவுட் ஆக்கினார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் அணிப் பட்டியலை நடுவரிடம் கொடுக்கும் வேலையைக் கலாராகாவே செய்தார். பட்டியலை வாங்கும்போது ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பை யாரும் மாற்றவில்லை. 24 என்ற எண் 25 ஆகவில்லை. என் மனக்கணக்கில் அது 25-தான்.

இதையெல்லாம் சொன்னபோது பையன் கேட்டான், "அப்போ எதிராளி சும்மா உக்காந்திருக்கிற ஆட்டம் ஈஸியா?" இல்லவே இல்லை. அங்கே தடுக்க யாரும் இல்லை, அதனால் பழி போடவும் யாரும் இல்லை. முழுக் கனமும் ஒரு விரல் நுனியில் நிற்கிறது.

டார்ட்ஸில் 501-லிருந்து பூஜ்ஜியத்துக்கு வர ஆகக் குறைந்தது ஒன்பது அம்பு வேண்டும். 2023 ஜனவரி 3, லண்டனில் உலகச் சாம்பியன் இறுதிப் போட்டி. மைக்கேல் வான் கெர்வன் எட்டு அம்புகளைக் குறி தப்பாமல் எறிந்தார். ஒன்பதாவது மயிரிழையில் தவறியது. அவருக்கு எதிரே மைக்கேல் ஸ்மித்தும் அதுவரை ஒன்றையும் தவறவிடவில்லை. ஸ்மித் வந்து நின்றார், தன்னுடைய ஒன்பதாவது அம்பை, வான் கெர்வன் தவறவிட்ட அதே இரட்டைப் பன்னிரண்டு கட்டத்தில் இறக்கினார். ஒரே சுற்றில் இரண்டு பேருமே முழுமைக்கு ஒரு அம்பு தூரத்தில் நின்றிருக்கிறார்கள். கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது. எனக்கு வான் கெர்வன் முகத்தைத்தான் பார்க்கத் தோன்றியது.

ஸ்னூக்கருக்கு நம் பக்கத்து உறவு ஒன்று உண்டு. 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேய அதிகாரிகள் கண்டுபிடித்த ஆட்டம் அது. ஊட்டி கிளப்பில்தான் அதன் விதிகளை எழுதி மாட்டினார்கள். அந்த ஆட்டத்தில் 147-ஐ மிக வேகமாக அடித்தவர் ரோனி ஓ'சல்லிவன், 1997-இல். ஐந்தரை நிமிடத்துக்குள் மேஜை காலி. அதே ஓ'சல்லிவன் 2010-இல் ஒரு போட்டியில், 147-க்குத் தனிப் பரிசு கிடையாது என்று தெரிந்ததும், கடைசிக் கறுப்பை அடிக்காமலே எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டார். நடுவர் யான் வெர்ஹாஸ்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். திரும்பி வந்து அடித்தார், விழுந்தது. அந்த 147-இல் பாதியை நான் நடுவர் பெயரில் எழுதுவேன். 2016-இல் ஓ'சல்லிவன் வேண்டுமென்றே 146-இல் நிறுத்தியபோது அப்படித் தடுக்க ஒரு ஆள் அங்கே இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம். அது அவருடைய சொத்து மட்டும் என்று அவர் நினைத்தார். அதில் நான் உடன்படவில்லை. அதற்காக எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்!

ஜிம்னாஸ்டிக்ஸை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குக் குழப்பம். 1976 ஜூலை 18, மான்ட்ரியல். பதினான்கு வயது நாடியா கொமனேச்சிக்குப் பத்துக்குப் பத்து. ஸ்கோர் போர்டில் அதைக் காட்ட வழியில்லாமல் "1.00" என்று வந்தது. இப்போது அந்தப் பத்தே இல்லை. 2006-இல் மதிப்பெண் முறையை மாற்றி உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். கடினமானதைச் செய்கிறவர்களுக்கு நியாயம் வேண்டும் என்ற காரணம் புரிகிறது. ஆனாலும் "இதற்கு மேல் இல்லை" என்று நடுவர்கள் எழுதிக் கொடுக்க ஒரு எண் இருந்ததே, அது போனது இழப்புதான்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஆடும் சதுரங்கத்தில் முழுமை எப்படி நழுவும் என்பதை 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் பார்த்தோம். ஒலிம்பியாடில் பதினாறு வயது குகேஷ் எட்டு ஆட்டம், எட்டு வெற்றி. ஒன்பதாவது சமன். பத்தாவதில், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக, வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தை நேர நெருக்கடியில் ஒரு தவறான நகர்த்தலில் கோட்டைவிட்டார். முதல் போர்டுக்கான தங்கம் அவருக்குக் கிடைத்தது, அணிக்கு வெண்கலம். இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்டில் பத்துக்கு ஒன்பது எடுத்து, அணியோடு தங்கம் வாங்கி, அதே டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆனார். இருந்தாலும் அந்தப் பத்தாவது ஆட்டம் என் நெஞ்சில் இன்னும் அப்படியே இருக்கிறது.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று பையன் விடவில்லை. சொன்னேன்: அஜாஸ் படேல். மும்பையில் பிறந்து, எட்டு வயதில் நியூசிலாந்துக்குப் போனவர். 2021 டிசம்பரில் அதே மும்பை வான்கடேயில் விருந்தாளி அணிக்காக 119 ரன் கொடுத்துப் பத்து விக்கெட்டும் எடுத்தார். அவர் அணி பதிலுக்கு 62-இல் சுருண்டு, கடைசியில் 372 ரன்னில் தோற்றது. லேக்கரும் கும்ப்ளேவும் ஜெயித்த அணியில் இருந்தார்கள். இவருக்குத் தூக்கிக் கொண்டாட வெற்றி இல்லை. ஆட்டம் முடிந்ததும் நம்ம மாம்பலத்து அஷ்வின், இந்திய வீரர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட சட்டையை அவரிடம் கொடுத்தார். அவர் அவுட் ஆக்கிய பத்துப் பேரில் அஷ்வினும் ஒருவர், முதல் பந்திலேயே பூஜ்ஜியத்துக்குப் போல்டு. அதை டிவியில் பார்த்தபோது "எந்திரிடா, எந்திரிச்சு தட்டு" என்று காதில் கேட்டது. அதற்கு முன்னமே பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருடைய ஒயிட் ஸ்லாமுக்கு எந்த ஆதாரமும் இல்லை. போட்டோ இல்லை, சிலேட்டை அன்றைக்கே அழித்திருப்பார்கள். மாடி அறை இப்போது துணிக் கிடங்கு. கேரமுக்கு இந்த ஊர் கொடுத்தது கொஞ்சம் இல்லை. இரண்டு முறை உலகச் சாம்பியனாகி 1996-இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர்கள் பெயர் நிற்கும். ராத்திரி வேலை முடித்து வந்து ஆடிய பெரியப்பா போன்றவர்களின் ஆட்டம் எங்கே இருக்கிறது?

அதைத் தேடித்தான் போன ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில், அன்றைக்குப் பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. பெரியப்பா பேரைச் சொன்னதும் எழுந்து உள்ளே போய், பரண் மேலிருந்து போர்டை இறக்கச் சொன்னார். துணியால் துடைத்தார். டீ வந்தது, ஆறியது.

"மொத அடியிலயே ரெண்டு தம்பி. வலது பக்கம் ஒண்ணு, இந்தாண்ட ஒண்ணு" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு காயையும் அது இருந்த இடத்தில் வைத்து, விரலால் குழிவரை தள்ளிக் காட்டினார். மூன்றாவது நேர் காய். நான்காவது கட்டு. ஐந்தாவதுக்குப் பிறகு ரெட், அதற்கு ஃபாலோ ஆறாவது. ஏழாவதிடம் வந்ததும் கை நின்றது. வைத்தார், எடுத்தார், நகத்தால் நெல்மணி அளவு நகர்த்தினார். "இங்க இல்ல. இது பின்னாடி ஒரு கறுப்பு ஒட்டினு இருந்துச்சு. உங்க பெரியப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரு. எனக்கு வேர்த்துப் போச்சு."

"உங்களுக்கு ஏன் அங்கிள் வேர்த்துச்சு? அவரு மிஸ் பண்ணா உங்களுக்குத்தானே நல்லது?" என்றான் பையன்.

அவர் பதில் சொல்லாமல் கறுப்புக் காயைத் தேடி எடுத்து ஏழாவதுக்குப் பின்னால் ஒட்டி வைத்தார். பையன் ஆர்வம் தாங்காமல் ஸ்டிரைக்கரை எடுத்து அவர் பக்கம் நீட்டினான், அந்த அடியை அடித்துக் காட்டச் சொல்லி.

"அது எங்கிட்ட வரவே இல்லயே கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஸ்டிரைக்கரைத் தொடாமல் பெரியப்பா உட்கார்ந்திருந்த பக்கத்தைக் காட்டினார்.